பாவ அறிக்கைக்குப் பிறகு பதினைந்து விநாடி

எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனையில், எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லி முடித்ததும் போதகர் சற்று நிறுத்துவார். அவரவர் தங்கள் சொந்தப் பாவத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்வதற்கான இடைவெளி அது. கடிகாரம் பார்த்திருக்கிறேன், பதினைந்து விநாடிக்கு மேல் போனதில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம், பின்வரிசையில் யாரோ இருமுவது, வெளியே நெடுஞ்சாலையில் லாரி கியர் மாற்றுவது, இவ்வளவுதான் கேட்கும். பிறகு போதகர் கையை உயர்த்தி மன்னிப்பின் வார்த்தைகளைச் சொல்வார். நாங்கள் கண்ணைத் திறப்போம்.

அந்தப் பதினைந்து விநாடிக்குள் வாய் திறந்து பேசிய ஒரே மனிதர் ஒரு தோல் ஆலைத் தொழிலாளி.

நான் முதலில் கேட்டது ஓர் ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை. அவருக்கு இரண்டு பெஞ்ச் பின்னால் உட்கார்ந்திருந்தேன். குரலில் அழுகை இல்லை. ஷிப்ட் முடிந்து போகிறவர் அடுத்து வருகிறவரிடம் விவரம் சொல்வதுபோல இருந்தது.

“வியாழக்கெழம சாயங்காலம் மழ பெய்யறப்போ நான் ஷட்டரத் தெறந்தேன் ஆண்டவரே. ரெண்டு சுத்து. முக்கா மணி நேரம். ஓடை வழியா ஆத்துக்குப் போச்சு. என்னை மன்னிச்சுக்கங்க.”

பத்திரிகையில் சேர்ந்து செய்தி எழுதப் பழகிய நாளில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது: என்ன, எங்கே, எப்போது, யார், எப்படி, ஏன். அவர் சொன்னதில் முதல் ஐந்தும் இருந்தன. ‘ஏன்’ மட்டும் இல்லை. யார் சொல்லித் திறந்தார் என்பதை அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. அந்த மனிதரைப் புரிந்துகொள்ள இது ஒன்றே போதும் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கவில்லை. முக்கியமான தகவலை விட்டுவிட்டாரே என்றுதான் தோன்றியது.

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றை ஒட்டிய ஒரு டேனரியில் அவர் ஷட்டர்காரர். தோல் பதனிட்ட கழிவுத் தண்ணீர் ஒரு பெரிய தொட்டியில் சேர்ந்து, அங்கிருந்து குழாய் வழியாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும். சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் வாங்கிக்கொள்ளும் என்று அளவு உண்டு. ஆர்டர் ஜாஸ்தியாக இருக்கிற மாதங்களில் டேனரி அந்த அளவைத் தாண்டிவிடும். தொட்டியின் பக்கச் சுவரில் ஓடைப் பக்கமாக ஓர் இரும்பு ஷட்டர் இருந்தது. சக்கரத்தைச் சுற்றினால் மேலே ஏறும். வெயில் நாளில் திறந்தால் ஓடையில் நுரை தெரியும், நாற்றம் ஊரைக் கூட்டிவிடும். மழையில் ஓடை எப்படியும் கலங்கித்தான் ஓடும். அதனால் மழை வந்தால் அவருக்கு போன் வரும். “மழ வருதுப்பா” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்கள். திற என்று யாரும் சொன்னதே இல்லை. மழை வருவதைச் சொல்வது குற்றமா?

ஐம்பது தாண்டிய ஆள். ஒல்லி. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். வலது உள்ளங்கையில், சக்கரத்தின் விளிம்பு அழுந்துகிற இடத்தில், வளைவாக ஒரு காய்ப்பு இருந்தது. ஆராதனை முடிந்து வாசலில் போதகரோடு கைகுலுக்கும்போது அந்தக் கையைக் கொடுக்கத் தயங்கி இடது கையால் தாங்கிக்கொள்வார்.

அன்றைக்கு வாசலில் போதகர் அவரிடம் மெதுவாக, அதை மனசுக்குள்ளேயே சொல்லலாமே என்றார்.

“மனசுக்குள்ள சொன்னா சாக்கும் சேந்து வருது ஐயா. வாய் தெறந்து சொன்னா சாக்கு வரமாட்டேங்குது.”

போதகர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். ஆனால் அன்றைய ஆராதனையில் முன்வரிசையில் இருந்தவர் அதே டேனரியின் சூபர்வைசர். எங்கள் சபையில் பாதிக்கு மேல் தோல் வேலையை நம்பித்தான் சாப்பிட்டார்கள். தோல் ஊறும் டிரம் ஓட்டுகிறவர்கள், தோல் உலர்த்துகிறவர்கள், ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற பெண்கள். தேவாலயத்தின் புதுக்கூரை தோல் பணத்தில் வந்தது. ஆர்கன் தோலில் வந்தது. காணிக்கைத் தட்டில் விழுவதும் தோல்தான்.

டீக்கடையில் ஷட்டர்காரரைப் பார்த்தால் பேச்சை மாற்றுவார்கள். பாலாறு செத்துப்போனதைப் பற்றி எங்கள் பக்கத்தில் யாரும் மணிக்கணக்கில் பேசலாம். மணல் அள்ளினவன் ஒருத்தன், மேலே தடுப்பணை கட்டினவன் ஒருத்தன், முதலாளி ஒருத்தன், சர்க்கார் ஒருத்தன் என்று சுற்றி வரும். சுற்று அவரிடம் வந்ததும் அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “நானும்தான்” என்பார். அவ்வளவுதான், பேச்சு படுத்துவிடும். ஆற்றைக் கெடுத்தவன் எதிரிலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தால் யாரைத் திட்டுவது? பேஜார் பிடித்த மனுஷன் என்று எழுந்து போவார்கள். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால், “பாவ அறிக்கை வருதுடா, வாய மூடிக்கினு குடிங்க” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்திருக்கிறார்.

அந்தச் சைக்கிளில் இரண்டு பக்கமும் கொக்கி மாட்டியிருந்தார். சனிக்கிழமைதோறும் காலையில் இரண்டு கேன் குடிதண்ணீர் ஏற்றிக்கொண்டு ஓடை ஆற்றில் சேரும் இடத்துக்குக் கீழே உள்ள ஊருக்குப் போவார். அங்கே ஒரு விவசாயி. வயதானவர், தென்னந்தோப்பு வைத்திருந்தவர். கிணறு உப்பாகி, தேங்காய் எலுமிச்சம்பழ அளவுக்குச் சிறுத்து, பிறகு மரங்களே மொட்டையாக நின்றன. முதல்முறை போனபோது ஷட்டர்காரர் அவர் காலில் விழப் பார்த்திருக்கிறார். விவசாயி பதறிப்போய் விலகிக்கொண்டாராம்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை எழுதலாம் என்ற எண்ணம். கேன்களை இறக்கி வைத்துவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“வாராவாரம் வந்து மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு நிக்கறான் சார் இந்தாளு” என்று விவசாயி என்னிடம் புகார் சொன்னார். “நான் மன்னிச்சா கெணறு நல்லாய்டுமா?” அவரைப் பார்த்து, “தண்ணிய வெச்சிட்டுப் போ. மன்னிப்ப உங்க சாமிகிட்ட கேட்டுக்கோ.”

திரும்பி வரும்போது சைக்கிள் லேசாக இருந்தும் அவர் ஏறவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார். விவசாயி சொன்னது நியாயம்தான் என்றார். “கடவுள் மனுஷனுக்குக் குடுத்த மொத உத்தியோகம் இன்னா தெரியுமா தம்பி? தோட்டத்துக்கு வாட்ச்மேன். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். நான் வாட்ச்மேனா இருந்துக்கினே கதவத் தெறந்து வுட்டவன்.”

வேலையை விட்டுவிடலாமே என்று கேட்டேன். எனக்கு அப்போது முப்பது வயது. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அப்படிக் கேட்பது எளிது. விட்டால் வேறு ஒருத்தன் திறப்பான், அவன் இரண்டு சுற்றோடு நிறுத்த மாட்டான் என்றார். சற்றுத் தூரம் போனதும், “இதுவும் சாக்குதான்” என்றார்.

ஜூன் மாதத்தில் எங்கள் சபையில் சுற்றுச்சூழல் ஞாயிறு அனுசரிப்போம். படைப்பைப் பேணுவது விசுவாசியின் கடமை என்று பிரசங்கம் இருக்கும். வாலிபர் சங்கம் பச்சைக் கொடி கட்டும். ஒரு வருடம் மரக்கன்றுகள் டேனரியின் அன்பளிப்பாக வந்தன. வேம்பும் புங்கனும். ஒவ்வொரு கன்றிலும் அட்டையில் டேனரியின் பெயர் தொங்கியது. அவருக்கும் ஒன்று கொடுத்தார்கள். குழியில் நட்டு மண்ணை மிதித்துவிட்டு நிமிர்ந்து, “எந்தத் தண்ணிய ஊத்தறது ஐயா?” என்று போதகரைக் கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். தேவாலயத்தின் போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. அது எங்களுக்கெல்லாம் தெரியும். பொங்கலுக்குள் கன்றுகள் கருகிவிட்டன. அட்டைகள் பிளாஸ்டிக் என்பதால் அவை இருந்தன.

அவர் மழைக்கால ஞாயிறுகளில் பேசுவதும் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதும் இரண்டு வருடம் நடந்தது. மூன்றாம் வருடம் நான் அதைப் பத்திரிகையில் எழுதினேன்.

அவரைக் கேட்கவில்லை. ஆராதனை எல்லோருக்கும் திறந்தது, அங்கே உரக்கச் சொன்னது பொதுவில் சொன்னதுதான் என்று எனக்கு நானே வாதிட்டுக்கொண்டேன். பெயரைப் போடவில்லை. அது போதும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை மூன்றாம் பக்கத்தில் வந்தது. மழை நேரத்தில் ஆலை நிர்வாகம் ஆற்றில் கழிவைத் திறந்துவிடுவதாகத் தேவாலயத்தில் தொழிலாளி வாக்குமூலம் என்று தலைப்பு. ஷட்டர் இயக்கும் தொழிலாளி என்று உள்ளே எழுதியிருந்தேன். எங்கள் சபையில் எத்தனை ஷட்டர்காரர்கள் இருந்தார்கள்?

அன்று மாலை பத்திரிகையை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“‘நிர்வாகம்’னு போட்டிருக்கே தம்பி. அந்த வார்த்தைய நான் சொல்லவே இல்லயே.”

“நீங்க சொல்லாம விட்டதுதாண்ணா செய்தி” என்றேன்.

அவர் பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். “அப்போ நான் சொன்னது எங்க?”

அவர் பத்திரிகையை என் மேஜையில் வைத்தார். “நான் ஆண்டவர்கிட்ட சொன்னேன். நீ கலெக்டர்கிட்ட சொல்லிட்ட” என்றார். கோபமாகச் சொன்னதாக என்னால் எழுத முடியாது. முகவரி மாறிப் போன கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர்போலச் சொன்னார்.

அதிகாரிகள் வந்தார்கள். ஓடையில் பாட்டில் பாட்டிலாக எடுத்துப் போனார்கள். பத்து நாளில் டேனரிக்குச் சீல் வைத்தார்கள். செய்தியின் எதிரொலி என்று எங்கள் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டுக்கொண்டது. சென்னையிலிருந்து ஆசிரியர் போன் பண்ணிப் பாராட்டினார்.

டேனரி மூடியிருந்த மாதங்களில் எங்கள் சபையில் பல வீடுகளில் ஒருவேளைதான் சமைத்தார்கள். சிலர் ராணிப்பேட்டைக்கு வேலை தேடிப் போனார்கள். தோல் உலர்த்தும் வேலை செய்த ஒரு பெண் இருந்தார். புருஷன் இல்லை, மூன்று பிள்ளைகள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தேவாலய வராந்தாவில் ஷட்டர்காரரை வழிமறித்தார்.

“உங்களுக்கு மன்னிப்பு கெடச்சுது. எங்களுக்கு இன்னா கெடச்சுது ஐயா? புள்ளைங்களுக்கு ராத்திரிக்கு இன்னாத்த ஆக்கிப் போடறது, உங்க பாவ அறிக்கையவா?”

சுற்றி நின்றவர்கள் யாரும் அந்தப் பெண்ணைத் தடுக்கவில்லை. எழுதியவன் நான் அங்கேதான் நின்றிருந்தேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் என் பக்கம் திரும்பவில்லை. தலையைக் குனிந்து நின்று கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு, மழை இல்லாத வாரம். ஷட்டரே பூட்டிக் கிடந்தது. சொல்வதற்கு அவருக்கு ஒன்றும் இருக்காது என்று நினைத்தேன். மௌனம் வந்ததும் அவர் குரல் வந்தது. “இந்தத் தங்கச்சி ஊட்ல அடுப்பு எரியாததுக்கு நானும்தான் காரணம் ஆண்டவரே.” பெண்கள் பக்கத்திலிருந்து அந்தப் பெண் எழுந்து வெளியே போனார். அவருடைய செருப்புச் சத்தம் படியிறங்குகிறவரை போதகர் காத்திருந்தார்.

ஆற்றுக்கும் அவர்தான் பொறுப்பு, அடுப்புக்கும் அவர்தான் பொறுப்பு. நாங்கள் ஏதாவது ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தோம். நான் ஆற்றை எடுத்தேன். சபை அடுப்பை எடுத்தது. இரண்டையும் ஒருவரே சுமக்கும்படி விட்டுவிட்டோம்.

ஐந்தாவது மாதம் டேனரி திறந்தது. புதிதாக ஒரு தொட்டி கட்டினார்கள், பெயின்ட் அடித்தார்கள், பழைய ஷட்டர் அப்படியே இருந்தது. அவரைத் தவிர எல்லோருக்கும் வேலை திரும்பக் கிடைத்தது. அவருக்கு ஒரே மகன். அதே டேனரியில் பினிஷிங் பிரிவில் தோலுக்குச் சாயம் ஸ்பிரே பண்ணுகிற வேலை. சாதுவான பையன், கல்யாணமாகி இரண்டு பெண் குழந்தைகள். அப்பா, மனைவி, பிள்ளைகள் எல்லோரும் அவன் சம்பளத்தில். மேனேஜர் அவனைக் கூப்பிட்டு, ஷட்டருக்கு நம்பிக்கையான குடும்பத்து ஆள் வேணும், நீ போய்ப் பாத்துக்கோ என்றார். மேனேஜர் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னதாக என்னிடம் சொன்னவர்கள் இரண்டு பேர். சிரிக்காமல் சொன்னார் என்றவர் ஒருவர்.

அந்த வருட மழை புரட்டாசியிலேயே தொடங்கியது. முதல் பெருமழை பெய்த வாரத்தின் ஞாயிறு, தேவாலயம் நிறைந்திருந்தது. பாவ அறிக்கை முடிந்தது. மௌனம். அன்றைக்குப் போல நாங்கள் எல்லோரும் காத்திருந்த மௌனம் வேறொன்று இல்லை. கண்ணை மூடியிருந்தும் எல்லோருக்கும் தெரியும், அவர் எந்தப் பெஞ்சில் இருக்கிறார், மகன் அவர் பக்கத்தில் இருக்கிறான் என்று. நான் கண்ணைத் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். போதகர் நாற்பது விநாடி நிறுத்தினார்.

ஒரு வார்த்தை வரவில்லை.

பிறகு திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து பீடத்தருகே முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கினோம். அவருடைய வரிசை எழுந்தபோது மகன் எழுந்து போனான். அவர் எழவில்லை. காலை ஒடுக்கிக்கொண்டு மற்றவர்களுக்கு வழிவிட்டார்.

அதற்கு அடுத்த மாதமும் எழவில்லை. அப்படியே ஐந்து மழைக்காலம் போயிற்று. சபைக்குத் தவறாமல் வருவார், பாட்டுப் பாடுவார், காணிக்கை போடுவார். திருவிருந்துக்கு எல்லோரும் எழும்போது காலை ஒடுக்கிக்கொள்வார்.

இரண்டாம் வருடம் ஒருநாள் ஆற்று மணலில் அவரைப் பார்த்தேன். கேன்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்தார். மணலில் சைக்கிளைத் தள்ள நான் பின்னாலிருந்து கை கொடுத்தேன். இப்போது எழுத மாட்டேன், சும்மா கேட்கிறேன் என்று சொல்லி, ஏன் சபையில் பேசுவதை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன்.

“என் பாவத்த நான் சொல்லலாம். அவன் பாவத்த நான் சொன்னா அதுக்குப் பேரு அறிக்கை இல்ல தம்பி. காட்டிக் குடுக்கறது.”

அது அவன் பாவம்தானே, நீங்கள் ஏன் திருவிருந்து எடுப்பதில்லை?

“அந்தச் சோத்தத்தான நான் திங்கறேன்.” சைக்கிளை நிறுத்தி மூச்சு வாங்கினார். “மன்னிப்பு கேக்கறதுக்கு ஒரு முறை இருக்குது. திரும்பச் செய்யப் போறோம்னு தெரிஞ்சா கேக்கக் கூடாது. நான் முன்னெல்லாம் தெரிஞ்சேதான் கேட்டேன். வாராவாரம் கேட்டேன். அது எவ்ளோ பெரிய தப்புன்னு, அவன் கையில சக்கரத்தப் பாத்தப்புறம்தான் ஒறைச்சுது.”

மகனிடம் வேலையை விடச் சொல்லிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். தினமும் சொல்வதாகச் சொன்னார். தினமும் சொல்வதால் அவன் இப்போதெல்லாம் அவர் தூங்கின பிறகுதான் வீட்டுக்கு வருகிறானாம்.

போன வருடம் ஐப்பசியில் அவருக்கு நுரையீரல் கெட்டுவிட்டது என்றார்கள். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். டேனரி வேலையால் வந்ததா என்று மருத்துவரைக் கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னதை அப்படியே பதிகிறேன்.

பார்க்கப் போனபோது முகம் தெளிவாக இருந்தது. கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். என்னைக் குனியச் சொல்லி, மகன் மாசக் கடைசியோடு விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறான் என்றார். ஒரு வாக்கியத்தை முடிக்க அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது. ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை பேசியிருக்கிறானாம். “ரெண்டு பேரும் சேந்து சொல்லிட்டு, சேந்து எடுத்துக்கறோம்னு ஐயாகிட்ட சொல்லிட்டேன்.” ஐந்து வருடமாகக் காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு, மகனோடு பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட வேண்டும் என்பது எப்படிப்பட்ட ஆசையாக இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. சொல்லும்போது ஒரு கல்யாணத் தேதியைச் சொல்வதுபோலச் சொன்னார்.

மாசக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. விடாமல் இரண்டு நாள். இரண்டாம் நாள் காலை மருமகள் எனக்கு போன் பண்ணினாள், மாமாவுக்கு மூச்சு இழுக்கிறது, வந்துவிடுங்கள் என்று. நான் போனபோது போதகர் வந்திருந்தார். நோயாளிகளுக்குத் திருவிருந்து கொண்டுபோகிற சின்னப் பெட்டி அவர் மடியில் இருந்தது. குடை ஓரமாக நின்று தரையில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

போதகர் பெட்டியைத் திறக்கப் போனார். கட்டிலில் இருந்தவர் கையை லேசாக உயர்த்தித் தடுத்தார். மகன் எங்கே என்று கண்ணால் கேட்டார்.

மருமகள் தலைவாசலைப் பார்த்தாள். முந்தின நாள் காலை போனவன் இன்னும் வரவில்லை. போன் பண்ணினால் தொட்டி நிரம்பி வழிகிறது, விட்டுவிட்டு வர முடியாது என்கிறான். நான் வெளியே போய் என் போனிலிருந்து கூப்பிட்டேன். மழைச் சத்தத்தில் அவன் குரல் கேட்டது. தெரியும்ணா, வரேண்ணா, ஒரு மணி நேரம் என்றான்.

உள்ளே வந்து சொன்னேன். போதகர் அவர் காதருகே குனிந்து, பையன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, கர்த்தருக்கு உங்கள் மனசு தெரியும், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். கண்கள் கலங்கியிருந்தன.

“வரட்டும் ஐயா” என்றார் அவர்.

ஒரு மணி நேரம் போனது. இன்னொரு மணி நேரமும் போனது. போதகர் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. மழை சற்றுக் குறையும்போதெல்லாம் கட்டிலில் அவர் வாசல் பக்கம் தலையைத் திருப்பினார். மறுபடி வலுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். மழை குறைந்தால் மகன் வருவான், வலுத்தால் சக்கரத்தின் பக்கத்தில் நிற்பான் என்பது அந்த அறையில் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். மருமகள் ஸ்பூனால் உதட்டை நனைத்தாள். மூன்று மணிக்குச் சற்று முன் மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. ஒரு இடைவெளி நீண்டது. போதகர் ஜெபிக்கத் தொடங்கினார்.

மகன் நாலரை மணிக்கு வந்தான். மழைக்கோட்டின் தொப்பியைக் கழற்றாமலே உள்ளே வந்து, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தான். அதற்குள் டேனரி ஆட்கள் பத்துப் பதினைந்து பேர் வாசலில் கூடியிருந்தார்கள். வராந்தாவில் வழிமறித்த பெண்ணும் வந்திருந்தார். மருமகள் பொறுக்க மாட்டாமல், உனக்காகத்தான் வாங்காமலே போய்ட்டாரு என்று புருஷனிடம் சொல்லிவிட்டாள். அவன் அழவில்லை. அப்பாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு போதகரின் மடியிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போதகர் வெகுநேரம் யோசித்திருக்க வேண்டும். முறைப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. பெட்டியைத் திறந்தார். இரண்டு பேருக்கு என்று இரண்டு சிறு துண்டு அப்பம் கொண்டுவந்திருந்தார்.

“அப்பா ஆசைப்பட்டாரு. நீயாவது எடுத்துக்கிறியாப்பா?”

அவன் எழுந்து நின்றான். எடுப்பான் என்றுதான் நான் நினைத்தேன். கை நீட்டவில்லை. வெளியே மழை வெறித்துவிட்டிருந்த வானத்தை ஒருமுறை பார்த்தான்.

“இன்னும் மழக்காலம் முடியல ஐயா” என்றான்.